விநோதமான ஆங்கில வார்த்தைகளின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

அரிதான ஆங்கில வார்த்தை ஒன்று கண்ணில் பட்டால் நம்மில் பெரும்பாலோர் போனில் தட்டிப் பொருள் பார்ப்போம், "அட!" என்போம், மறுநாள் மறந்துவிடுவோம். மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் பொருளோடு பூர்வீகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது நல்ல வழி. சிக்கல் என்னவென்றால், பூர்வீகம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் நிறைய, யாரோ சுவைக்காகக் கட்டிவிட்ட கதை. அதனால் ஒரு பழக்கம் வேண்டும்: எந்த வார்த்தையாக இருந்தாலும் முதலில் வருஷத்தைக் கேளுங்கள், அப்புறம் வந்த வழியைக் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளி வையுங்கள்.

நான் குன்னூர்க்காரன், அதனால் உதாரணங்களை மலையிலிருந்தே எடுக்கிறேன். இந்த வேலைக்கு நீலகிரி ரொம்பத் தோதான இடம். துரைமார் பங்களா, டீ எஸ்டேட், கிளப், தாவரவியல் பூங்கா என்று பார்க்கும் இடமெல்லாம் பழைய ஆங்கிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் கணிசமான பங்கு நம் பக்கத்திலிருந்து போனது, மீதியில் பெரும்பகுதி லத்தீனும் கிரேக்கமும். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே சரக்குதான்.

வருஷத்தை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு 'போஷ்' என்ற வார்த்தையைப் பாருங்கள். ஆடம்பரமான, மேட்டுக்குடித்தனமான என்று பொருள். இதற்கு எல்லாரும் சொல்லும் கதை இது: இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது இடப்பக்க அறையில் வெயில் படாது, திரும்பிப் போகும்போது வலப்பக்க அறையில் படாது, ஆகவே பணக்காரர்களின் டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் முதல் எழுத்துகளை முத்திரை குத்தினார்கள், அதுவே வார்த்தையாகிவிட்டது. கேட்க ஜோராக இருக்கிறது, ஊட்டிக்கு வந்த துரைகளை அந்தக் கப்பலில் ஏற்றிப் பார்க்கவும் முடிகிறது. இப்போது வருஷத்தைப் போடுங்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869. வார்த்தை 'ஆடம்பரமான' என்ற அர்த்தத்தில் அச்சில் தலைகாட்டுவது 1910களில். இந்தக் கப்பல் விளக்கம் எழுத்தில் வருவதோ 1930களில். இத்தனை பேர் தேடியும் அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கதை வார்த்தைக்குப் பின்னால் பிறந்தது என்றால் கதையைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, முதல் எழுத்துகளைச் சேர்த்து வார்த்தை செய்வது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம். ரேடார், லேசர் எல்லாம் அப்படிப் பிறந்தவை. அதைவிடப் பழைய வார்த்தைக்கு யாராவது எழுத்து எழுத்தாக விரிவாக்கம் சொன்னால் அநேகமாக அது கட்டுக்கதை.

வருஷம் எங்கே கிடைக்கும்? இலவசமாகப் பார்க்க மெரியம்-வெப்ஸ்டர் தளம் போதும். வார்த்தையைப் போட்டு, பதிவின் கீழ்ப்பகுதிக்குப் போனால் முதலில் பயன்பட்டதாகத் தெரியவரும் ஆண்டு இருக்கும். எட்டிமான்லைன் என்ற தளமும் இலவசம். டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் பல அகராதிகளைப் பார்த்துத் தொகுத்தது, ஆரம்பத்துக்கு அருமை, ஆனால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவற்றுக்கெல்லாம் பெரியண்ணன் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884இல் முதல் பகுதி வெளியாகி 1928இல்தான் கடைசிப் பகுதி வந்தது. அதன் சிறப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் கீழே யார், எந்த ஆண்டில், எந்த வாக்கியத்தில் எழுதினார்கள் என்று வரிசையாக மேற்கோள் இருக்கும். சம்பளம் வாங்காத வாசகர்கள் ஆயிரக்கணக்கானோர் புத்தகங்களைப் படித்து, துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிய வாக்கியங்கள் அவை. இணையத்தில் முழுசாகப் பார்க்கச் சந்தா வேண்டும். கல்லூரி நூலகத்திலோ பெரிய நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள், பழைய அச்சுத் தொகுதிகள் கிடைத்தால்கூடப் போதும். ஒரு எச்சரிக்கை: அந்த ஆண்டு, இதுவரை கிடைத்த பழைய அச்சு அல்லது கையெழுத்து மட்டுமே. ஜனங்கள் வாயில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம்.

சரி, இனி வந்த வழி. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டுவேன்.

எஸ்டேட்டில் தினமும் சொல்கிற மூன்று பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கங்காணி, கணக்குப்பிள்ளை, மேஸ்திரி. மூன்றுமே பழைய ஆங்கிலப் புத்தகங்களில் உண்டு. 'கங்காணி' அப்படியே போனது, இலங்கை, மலேயா தோட்டங்களைப் பற்றிய ஆங்கிலத்தில் சர்வசாதாரணம். 'கணக்குப்பிள்ளை' போன கோலம்தான் வேடிக்கை, ஆங்கிலத்தில் அது 'கானிகோபொலி'! எதிரில் வந்தால் ஏதோ இத்தாலிய இனிப்பு என்றுதான் நினைப்போம். மேஸ்திரியோ நேர் எதிர்த் திசை. போர்த்துகீசிய 'மெஸ்த்ரே' நம்மிடம் வந்து மேஸ்திரியாகி, மதராஸ் ஆங்கிலத்துக்குள் 'மேஸ்ட்ரி' என்று போயிருக்கிறது. அந்த மெஸ்த்ரேவுக்கு மூலம் லத்தீன் 'மாஜிஸ்தர்'. ஆங்கில மாஸ்டர், மிஸ்டர், இத்தாலிய மேஸ்ட்ரோ எல்லாம் அதே வயிற்றுப் பிள்ளைகள். ஆக இளையராஜாவை மேஸ்ட்ரோ என்பதும் கொத்தனார் கூட்டத் தலைவரை மேஸ்திரி என்பதும் வேரில் ஒரே மரியாதை.

இந்த மாதிரி வார்த்தைகளுக்குப் போக வேண்டிய இடம் ஹாப்சன்-ஜாப்சன். ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கில-இந்திய அகராதி. பர்னெல் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த சிவில் சர்வீஸ் அதிகாரி, புத்தகம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். தலைப்பே ஒரு பாடம். மொகரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று எழுந்த குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் விழுந்து அப்படித் திரிந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் இதை இலவசமாகத் தேடலாம். தலைச்சொல்லில் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், முழு உரையில் தேடும் வசதி இருக்கிறது, எழுத்துக்கூட்டல் கன்னாபின்னாவென்று மாறும் என்பதால் அதுதான் கைகொடுக்கும். வாய்விட்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், கடைசி உகரத்தையும் 'அர்' விகுதியையும் உதிர்த்துப் பாருங்கள்: சுருட்டு 'செரூட்' ஆனது அப்படித்தான், பாளையக்காரர் 'பாலிகர்' ஆனதும் அப்படித்தான். மிளகுத்தண்ணி 'மல்லிகட்டானி' ஆனது பலருக்குத் தெரியும். தெரியாதது, அதைச் சுருக்கி மதராஸ் மாகாண வெள்ளைக்கார அதிகாரிகளுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வங்காளத்து அதிகாரிகளுக்கு 'குவை-ஹை', வேலைக்காரரைக் கூப்பிட "கோயி ஹை" என்று கத்துவார்களாம், அதிலிருந்து. ரசம் குடித்த நம்மூர்த் துரைக்குக் கிடைத்த பெயர் எவ்வளவோ தேவலை.

வழியைத் தேடும்போது கடற்கரையை மனதில் வையுங்கள். போர்த்துகீசியர் முதலில் இறங்கியது மலபாரில், 1498இல். அதனால் தேக்கு, கயிறு, கொப்பரை, வெற்றிலை ஆகியவை ஆங்கிலத்தில் 'டீக்', 'காயர்', 'கோப்ரா', 'பீட்டல்' என்று ஆனபோது அகராதிகள் மலையாளத்தைத்தான் மூலமாகக் காட்டும். நம்மிடமும் அதே வார்த்தை இருக்கிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம். கப்பல் ஏறிய துறைமுகத்தைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் இந்தப் பக்கக் கரையில் ஏறியவை, அவற்றுக்குத் தமிழ் என்றே போட்டிருக்கும்.

அதற்கும் அடியில் போக வேண்டுமென்றால் இரண்டு கருவிகள். ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது, பின்னர் ஒரு அனுபந்தமும் வந்தது. வேற்றுமொழிச் சொல் என்றால் எந்த மொழி என்று குறித்திருப்பார்கள். இன்னொன்று பர்ரோ, எமனோ இருவரும் செய்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, 1961இல் முதல் பதிப்பு, 1984இல் திருத்திய பதிப்பு. இதில் நீலகிரிக்காரர்களுக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு: எமனோ 1930களில் இங்கே வந்து தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். அந்த அகராதியில் ஒரு பதிவைத் திறந்தால் தமிழ், மலையாளத்தை அடுத்துக் கோத்தம், தோடம் எல்லாம் வரிசையாக நிற்கும். இதுவும் அதே சிகாகோ தளத்தில் கிடைக்கிறது.

இனி பொறிகள். நம் ஆட்கள் அதிகம் விழுவது ஒலி ஒற்றுமையில். 'செரண்டிபிட்டி', அதாவது தேடாமலே கிடைக்கும் நல்ல கண்டுபிடிப்பு. இதை உருவாக்கியவர் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல், 1754 ஜனவரி 28ஆம் தேதி எழுதிய ஒரு கடிதத்தில். பிறந்த தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த வார்த்தைகள் குறைவு. செரண்டிப் என்பது இலங்கைக்கு அரேபியரும் பாரசீகரும் வைத்திருந்த பெயர். இதுவரை சரி. அந்தப் பெயரே 'சேரன் தீவு' என்ற தமிழிலிருந்து வந்தது என்று முகநூலில் ஓடுகிறதே, அதற்கு இடையில் நிற்கும் பழைய வடிவங்களைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டார்கள். அகராதிகள் சொல்வது சிம்ஹளத்வீபம் என்ற சமஸ்கிருதப் பெயரை. காதுக்கு ஒத்துப்போவது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

அடுத்த பொறி இரட்டையர்கள். நம் மலையின் 'ஷோலா' காடு, ஆங்கிலத்தில் தமிழ்ச் சோலையிலிருந்து போனது, ஹாப்சன்-ஜாப்சனில் இருக்கிறது. ஆனால் பழைய படங்களில் துரை தலையில் இருக்கும் 'சோலா டோப்பி' வேறு. அது வடக்கே ஷோலா என்று சொல்லும் செடியின் தண்டுச் சோற்றில் செய்தது, நம்மூரில் நெட்டி என்போம். வெயிலுக்குப் போடும் தொப்பிதானே என்று வெள்ளைக்காரர்களே அதை 'சோலார்' ஆக்கிவிட்டார்கள். 'கேஷ்' இன்னும் மோசம். கையில் இருக்கும் ரொக்கம் என்ற கேஷ், பெட்டி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது. மதராஸில் 80 சேர்ந்தால் ஒரு பணம் என்று புழங்கிய சின்னச் செப்புக்காசான கேஷ், நம் காசிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. பங்களாவைச் சுற்றியுள்ள 'காம்பவுண்ட்' மலாய் மொழியின் 'கம்போங்' என்பதிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். வேதியியல் காம்பவுண்டுக்கும் அதற்கும் உறவில்லை. ஆகவே அகராதியில் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு 1, 2 என்று எண் போட்டுத் தனித்தனிப் பதிவுகள் இருந்தால் இரண்டையும் படியுங்கள். முதல் பதிவோடு நிறுத்துவதால்தான் பாதிக் குழப்பம். நம்மூர் டீத்தூள் பாக்கெட்டில் 'ஆரஞ்சு பெக்கோ' என்று பார்த்திருப்பீர்கள், பெக்கோ தென்சீனத்து அமோய் பேச்சில் 'வெண் ரோமம்', கொழுந்தின் மேல் இருக்கும் பூனைமயிர். ஆரஞ்சுப் பழத்துக்கும் அந்தத் தேயிலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கிரேக்கம், லத்தீன் வகை வார்த்தைகள் பயமுறுத்தும், ஆனால் இவைதான் சுலபம். உடைத்துப் பாருங்கள், உடைந்த துண்டை வேறு வார்த்தையில் தேடுங்கள். தைலமரத்தின் பெயர் யூகலிப்டஸ்: 'யூ' நன்றாக, 'கலிப்டோஸ்' மூடப்பட்ட. மொட்டின் மேல் மூடி இருக்கும், அதைப் பார்த்து வைத்த பெயர். அதே 'கலிப்' துண்டு 'அபோகலிப்ஸ்' என்பதிலும் இருக்கிறது, மூடியதைத் திறப்பது, அதாவது வெளிப்படுத்தல். பைபிளின் கடைசிப் புத்தகத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயரும் அதேதான். வரையாட்டுக்கு 2005இல் ஒரு புதுப் பேரினப் பெயர் கொடுத்தார்கள், நீல்கிரிட்ராகஸ். 'ட்ராகோஸ்' என்றால் கிரேக்கத்தில் வெள்ளாட்டுக் கிடா. டிராஜடி என்ற வார்த்தை அதே கிடாவும் பாட்டும் சேர்ந்தது, 'ஆட்டுப் பாட்டு'. ஏன் ஆடு என்பதற்குப் பரிசாக ஆடு கொடுத்தார்கள், பலி கொடுத்தார்கள் என்று பல விளக்கம். குறிஞ்சியின் தாவரப் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ், அதன் 'அந்தோஸ்' பூ. அந்தாலஜி என்றால் பூத்தொகை. இந்த மாதிரி துண்டுகள் கொஞ்சம் கையில் இருந்தால் புது வார்த்தை வந்தாலும் பாதியை ஊகித்துவிடலாம்.

சில சமயம் துண்டு உடையாது, காரணம் யாரோ எழுத்தை விட்டிருப்பார்கள். நடுவட்டம் பக்கம் பயிரிட்ட, கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத்துக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1742இல் பெயர் வைத்தார், ஸ்பெயின் நாட்டுச் சின்சோன் பிரபுவின் மனைவி நினைவாக. அந்தப் பெயரின் முதல் 'எச்' எழுத்தை விட்டுவிட்டார், பிழையே நிலைத்துவிட்டது. அவளுக்கு அந்தப் பட்டையால் காய்ச்சல் தீர்ந்தது என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை என்பது தனிக் கதை.

அகராதியில் இருக்கிறது என்பதாலேயே வார்த்தை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. 'அப்ரிசிட்டி' என்று ஒன்று, குளிர்காலத்து வெயிலின் கதகதப்பு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் சுவரோரமாக நின்று வெயில் காய்கிறோமே, அதேதான். லத்தீன் 'அப்ரிகஸ்', வெயில் படுகிற. 1623இல் ஹென்றி காக்கரம் தன் அகராதியில் போட்டார், அதற்கப்புறம் ஏறக்குறைய யாருமே எழுதவில்லை, இணையம் வந்து தூசு தட்டியது. இதைக் கண்டுபிடிக்க கூகிள் நூல்களின் என்கிராம் பக்கத்தில் வார்த்தையைப் போட்டு 1800இலிருந்து கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். தரையோடு தரையாக ஓடினால் அகராதிப் பண்டம். நண்பர்களிடம் சொல்லி மகிழலாம், பரீட்சைக் கட்டுரையில் போடாதீர்கள். மண்வாசனைக்கான 'பெட்ரிகோர்' அப்படி இல்லை, 1964இல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் உருவாக்கியது, 'பெட்ரா' கல், 'இகோர்' கிரேக்கக் கடவுளரின் நரம்பில் ஓடும் திரவம். இப்போது நாளிதழ்வரை வந்துவிட்டது.

அகராதியும் பொய் சொல்லும். 1934இல் வெப்ஸ்டர் பெரிய அகராதியில் 'டோர்ட்' என்ற வார்த்தை அடர்த்தி என்ற பொருளோடு அச்சானது. பெரிய டி அல்லது சின்ன டி அடர்த்திக்குச் சுருக்கம் என்று எழுதிய சீட்டை, 'டி ஆர் டி' என்பதை ஒரே வார்த்தையாக வாசித்த கூத்து அது. ஐந்து வருஷம் யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு அமெரிக்க ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2001இல் வேண்டுமென்றே ஒரு பொய் வார்த்தையை நட்டது, 'எஸ்குவிவேலியன்ஸ்', அலுவலகப் பொறுப்பை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்று பொருள் போட்டு. யார் காப்பியடிக்கிறார்கள் என்று பிடிக்கத்தான். எனவே இரண்டு இடங்களில் பாருங்கள், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியதா என்றும் பாருங்கள். ஒரே வாக்கியம் பத்து தளத்தில் வந்தால் அது ஒரு சாட்சிதான்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஊட்டி வார்த்தையில் செய்து பார்ப்போம்: ஸ்னூக்கர். "இங்கேதான் பிறந்தது" என்று எந்த டாக்ஸிக்காரரும் சொல்வார். நெவில் சேம்பர்லைன் என்ற இளம் ராணுவ அதிகாரி (பின்னால் பிரதமரானவர் வேறு ஆள்) 1875இல் ஜபல்பூர் மெஸ்ஸில் ஆட்டத்தை உருவாக்கினார், 1882 வாக்கில் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டினார்கள். வார்த்தை? உல்விச் ராணுவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவனைக் கேலியாக ஸ்னூக்கர் என்பார்களாம். ஜபல்பூரில் பந்தைத் தவறவிட்ட ஒருவரை அப்படிக் கூப்பிட, ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது. சாட்சி யார்? சேம்பர்லைனே, 1938இல் எழுதிய கடிதத்தில், அறுபது வருஷத்துக்குப் பிறகு. நேரில் இருந்தவர் வாக்கு என்பதால் மதிப்பு உண்டு, காலம் கடந்த நினைவு என்பதால் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு. ஆகவே விதிகளுக்கு ஊட்டி, ஆட்டத்துக்கு ஜபல்பூர், வார்த்தைக்கு உல்விச். உல்விச் மாணவர்களுக்கு அந்தக் கேலிச் சொல் எங்கிருந்து கிடைத்தது என்று பார்த்தால் அகராதி 'மூலம் அறியப்படவில்லை' என்று நிறுத்திக்கொள்கிறது. அங்கே நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறித்து வைக்க பெரிய ஏற்பாடு வேண்டாம், ஒரு நோட்டு போதும். வார்த்தை, பொருள், முதல் ஆண்டு, வழி, எங்கே பார்த்தது, நம்பிக்கை எவ்வளவு (நிச்சயம், இருக்கலாம், கதை). உச்சரிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். தொடங்குவதற்குச் சில: பச்சூலி, வெட்டிவெர், கொரண்டம், டோப் (tope), கான்ஜி (congee), பீயான், பாண்டிகூட். முதல் ஐந்துக்கும் தமிழ் லெக்சிகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பீயானுக்குப் போர்த்துகீசியக் காலாட்படையைத் தேடுங்கள், பாண்டிகூட்டைத் தமிழில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது தெலுங்கு 'பந்திகொக்கு', பன்றி-எலி.